சீட்டுக்குப் பின்னால் இருந்த டேங்க்

பிப்ரவரி 3, புதன்

ஆஸ்பத்திரியில் தினமும் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எதை வேண்டுமானாலும் எழுதலாமாம். மூன்றாவது ஆபரேஷனில், ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்த விரல்களைப் பிரித்துவிட்டார்கள். பேனா பிடித்துப் பழகினால்தான் மடங்குமாம். முதலில் ரப்பர் பந்து கொடுத்தார்கள். அதை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்குப் பொறுமை இல்லை.

என் பெயர் மதலைமுத்து. ஊர் வத்தலக்குண்டு. பிக்கப் டிரைவராக இருந்தேன்.

இதற்கு மேல் முடியவில்லை.

பிப்ரவரி 4, வியாழன்

தண்டபாணி தண்டபாணி தண்டபாணி தண்டபாணி தண்டபாணி தண்டபாணி.

பக்கம் முழுக்க இந்தப் பெயரைத்தான் எழுதினேன். விரல் நன்றாகவே மடங்குகிறது.

பிப்ரவரி 7, ஞாயிறு

என் மனைவி சகாயம் பூசைக்குப் போயிருக்கிறாள். நான் போகவில்லை. வீட்டில் யாரும் இல்லாதபோது எழுதுவதுதான் வசதி.

நடந்தது இதுதான். பழ மண்டி வைத்திருக்கும் தண்டபாணியிடம் ஒரே மாதிரி இரண்டு பழைய பிக்கப். ஒன்று நீலம், ஒன்று பச்சை. இரண்டையும் ஏதோ எஸ்டேட் ஏலத்தில் ஒன்றாக எடுத்தார். இரண்டுமே பெட்ரோல் வண்டி. தாண்டிக்குடி மலைப்பாதைக்கு அதைவிட நல்ல வண்டி கிடையாது. ஆனால் அந்தக் காலத்து வண்டி என்பதால் பெட்ரோல் டேங்க் கேபினுக்கு உள்ளேயே, சீட்டுக்குப் பின்னால் நிற்கும். டிரைவரின் முதுகுக்கும் டேங்குக்கும் நடுவே சீட்டின் தென்னை நார்தான் இருக்கும்.

நான் ஓட்டியது நீலம். பெட்ரோல் ஊற்றும் வாய்க்கும் டேங்குக்கும் நடுவில் இருந்த ரப்பர் குழாய் வெடிப்பு விட்டுப்போனது. டேங்க் நிறைய இருந்தால் வளைவுகளில் கசியும். தண்டபாணியிடம் சொன்னேன். சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டச் சொன்னார். கட்டினேன். திரும்பக் கசிந்தது. டேங்கையே கழற்றி, வண்டிக்கு அடியில் பின்பக்கமாக மாட்டிவிடலாம், கனி பாய் பட்டறையில் ஒரு எஸ்டேட் வண்டிக்கு அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று சொன்னேன். "முப்பது வருசமா அங்கனதான இருக்கு, ஒனக்கு மட்டும் என்ன உறுத்துது?" என்றார்.

போன வருஷம் சனவரி. ஆரஞ்சு லோடு. மலையிலிருந்து இறங்கும்போது ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தேன். பிரேக் லைட்டுக்குப் போகும் வயர் அந்த டேங்கை ஒட்டித்தான் போகிறது, தோல் உரிந்த வயர். முதுகுக்குப் பின்னால் அடுப்பு பற்றுவதுபோல் ஒரு சத்தம்.

லோடுமேன் செத்துப்போனான். சகாயத்தின் தம்பி.

நான் பீடி பற்றவைத்ததால்தான் தீப்பிடித்தது என்று தண்டபாணி போலீஸில் எழுதிக் கொடுத்தார். பச்சை வண்டி ஓட்டும் காசிமாயன், அன்றைக்கு எதிரே வந்ததாகவும், என் வாயில் பீடி புகைந்ததைப் பார்த்ததாகவும் சாட்சி சொன்னான். இப்போது கோர்ட்டில் நான்தான் குற்றவாளி. அஜாக்கிரதையால் உயிர் போகக் காரணமானவன்.

பீடியை விட்டு நாலு வருஷம் ஆகிறது.

பிப்ரவரி 15, திங்கள்

வீட்டில் சும்மா இருக்க முடியாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் கனி பாய் வெல்டிங் பட்டறைக்குப் போகிறேன். ஓட்டக் கற்பதற்கு முன்னால் அங்கேதான் வேலை பார்த்தேன். பாய் வெல்டிங் வைக்கும்போது நான் வெளியே வந்து நின்றுகொள்வேன். அவரும் பற்றவைப்பதற்கு முன்னால், "மாப்ள, டீ சொல்லிட்டு வா" என்பார். டீ வேண்டியிருக்காது.

வீட்டிலும் சகாயம் அடுப்புப் பற்றவைக்கும்போது நான் குழாயடிக்குப் போய்விடுவேன். குடம் நிறைந்துவிட்டாலும் அங்கேயே நிற்பேன்.

இன்றைக்குப் பச்சை வண்டி பட்டறை முன்னால் வேகத்தைக் குறைத்துத் திரும்பியது. காசிமாயன் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வண்டி போன பிறகும் பெட்ரோல் வாடை நின்றது.

அந்த வண்டியும் கசிய ஆரம்பித்துவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் நெடுநாளைக்குப் பிறகு எனக்குப் பசித்தது. ரெண்டு புரோட்டா சாப்பிட்டேன்.

பிப்ரவரி 24, சாம்பல் புதன்

சகாயம் வற்புறுத்தியதால் கோவிலுக்குப் போனேன். சாமியார் நெற்றியில் சாம்பல் பூச வந்தபோது வரிசையை விட்டு விலகிவிட்டேன். எனக்குச் சாம்பலை யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம்.

ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் பகையை விடச் சொல்லிப் பிரசங்கம் வைத்தார். சகாயம் பிரசங்கம் முழுக்கத் தலைகுனிந்தே இருந்தாள். அவள் என்னிடம் பேசுவதே குறைந்துவிட்டது. சோறு போடுகிறாள், கைக்கு எண்ணெய் தடவிவிடுகிறாள், பக்கத்தில் உட்காருவதில்லை. ஊர் சொல்வதை நம்புகிறாளா என்று கேட்க நினைப்பேன். கேட்டதில்லை.

பகையை விட்டுவிட்டால் காலையில் எழுந்து நான் என்ன செய்வது?

மார்ச் 4, வியாழன்

வக்கீலைப் பார்க்க நிலக்கோட்டை போய் வந்தேன். மனுஷன் முதல் தடவையாகக் கொஞ்சம் உற்சாகமாக இருந்தார். எரிந்த வண்டியைத் தண்டபாணி காயலாங்கடைக்குப் போட்டுவிட்டதால் நம்மிடம் ஆதாரமே இல்லை என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தார். இன்றைக்கு நான்தான் சொன்னேன், அதே மாதிரி இன்னொரு வண்டி இருக்கிறது, அதிலும் அதே இடத்தில் டேங்க், அதுவும் கசிகிறது என்று. பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"இத மொதல்லயே சொல்ல வேண்டாமா மதலைமுத்து?"

பச்சை வண்டியைப் பிரேக் இன்ஸ்பெக்டரை வைத்துச் சோதிக்க வேண்டும் என்று மனுப் போடுகிறார். ஏப்ரல் ஏழாம் தேதி வாய்தா.

அதுவரைக்கும் அந்த டேங்க் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். அல்லது ஏதாவது ஒரு வளைவில் அதுவே தன்னைக் காட்டிக் கொடுக்க வேண்டும். இரண்டில் எது நடந்தாலும் எனக்குச் சம்மதம்.

மார்ச் 12, வெள்ளி

மனு நகல் தண்டபாணிக்குப் போயிருக்கிறது. எப்படித் தெரியும் என்றால், இன்றைக்குக் காசிமாயன் வண்டியைக் கொண்டுவந்து பட்டறை முன்னால் நிறுத்தினான்.

நான் உள்ளே ஸ்டூலில் இருந்தேன். அவன் கனி பாயிடம் பேசினான்.

"பாய், டேங்க எடுத்து அடியில மாட்டணுமாம். இந்த மாசத்துக்குள்ள முடிச்சுரணும்னு மொதலாளி சொன்னாரு."

"முப்பது வருசமா அங்கனதான இருக்கு?" என்றேன் உள்ளே இருந்து.

காசிமாயன் நிலத்தைப் பார்த்தான். ஆள் இளைத்துவிட்டான். "எனக்கும் தல சுத்துதுண்ணே. கேபினுக்குள்ள உக்கார முடியல. கண்ணாடிய எறக்கிவிட்டுத்தான் ஓட்டுறேன்."

பாய் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "மாப்ள, வேலைன்னு வந்துட்டா செய்யறதுதான் என் பொழப்பு. ஆனா இதக் கழட்டுனா ஒன் கேசு போச்சு. நீ சொல்லு."

தொடவேண்டாம் என்றேன். அவர் வெளியே போய், பொருத்தமான டேங்க் கைவசம் இல்லை, மதுரையில் தேடிப் பார்க்கணும், நாளாகும் என்று சொல்லி அனுப்பினார். காசிமாயன் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு போனான்.

பாய்க்கு மனசு சரியில்லை. சாயங்காலம் வரைக்கும் என்னோடு பேசவில்லை. ஆளுக்கு ஒரு நியாயம். என் விரல்களை அவர் வைத்துக்கொள்ளட்டும், அப்புறம் அவர் நியாயத்தைக் கேட்கிறேன்.

மார்ச் 19, வெள்ளி

தண்டபாணி ஆட்கள் வேறு இரண்டு பட்டறைகளில் கேட்டிருக்கிறார்கள். பெட்ரோல் டேங்க் வேலை என்றதும் மாட்டேன் என்றுவிட்டார்கள். தண்டபாணி லோடையும் நிறுத்தவில்லை. காசிமாயன் தினமும் மலை ஏறி இறங்குகிறான்.

வண்டி போகும்போதெல்லாம் வெளியே வந்து பார்க்கிறேன். திரும்பி வரும்போதும் பார்க்கிறேன். திரும்பி வந்துவிட்டால் ஒரு மாதிரி ஏமாற்றமாக இருக்கிறது. எழுதுவது என்று ஆகிவிட்டது, உள்ளதை எழுதுகிறேன்.

மண்ணெண்ணெய் வாங்க ரேஷன் கடைக்குப் போக வேண்டும் என்று சகாயம் சொன்னாள். வாடை பிடிக்காது என்று தெரிந்தும் ஏன் என்னிடம் சொல்கிறாள்? பிறகு அவளே போய் வாங்கி வந்தாள்.

மார்ச் 26, வெள்ளி

நீளமாக எழுத வேண்டும். விரல் வீங்கினாலும் பரவாயில்லை.

பதினொரு மணி இருக்கும். பாய் இரும்பு வாங்கப் போயிருந்தார். காசிமாயன் லோடு இறக்கிவிட்டு நேராக வந்தான். வண்டியிலிருந்து இறங்கியதும் சட்டையைக் கழற்றினான். முதுகுப் பக்கம் நனைந்திருந்தது. வேர்வை என்று நினைத்தேன். வாடை வந்த பிறகுதான் தெரிந்தது.

"அண்ணே, காலப் பிடிச்சுக் கேக்குறேன். மொதலாளி வேலைய விடவும் விடமாட்டேங்கறாரு, சரிபண்ணுற வரைக்கும் லோட நிறுத்தவும் மாட்டேங்கறாரு. நீங்க மாத்திக் குடுங்க. பாய்க்குத் தெரியாமக்கூட மாத்துங்க."

"மாத்தறேன். ஒரு கால் மணி நேரம் என்கூடக் கேபினுக்குள்ள வந்து உக்காரு."

பெட்டிக்கடையில் ஒரு தீப்பெட்டி வாங்கினேன். தீயில் வெந்த பிறகு நான் தொட்ட முதல் தீப்பெட்டி. உள்ளே ஏறி இரண்டு கண்ணாடியையும் ஏற்றிவிட்டேன். அவன் டிரைவர் சீட்டில். நான் இந்தப் பக்கம். வாடை கண்ணைக் கரித்தது. தீப்பெட்டியை எடுத்து இருவருக்கும் நடுவே வைத்து, ஒரு குச்சியை எடுத்துக் கையில் பிடித்தேன். பிடிக்க வரவில்லை, இரண்டு தடவை விழுந்தது. அவன் அது விழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நான் பீடி குடிச்சதப் பாத்தியா?"

"அண்ணே, வேணாம்ணே."

"பாத்தியா?"

"இல்லண்ணே. நான் அன்னிக்கு எதுக்க வரவே இல்ல. மண்டியிலதான் இருந்தேன். அவரு சொல்லச் சொன்னதச் சொன்னேன். சொல்லலன்னா பச்ச வண்டியவும் வித்துருவேன்னாரு."

அவன் அழுதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு வருஷமாக நான் கற்பனையில் பார்த்த முகம் அதேதான். பெட்டியைக் கையில் எடுத்து, குச்சியை அதன் பக்கவாட்டில் வைத்தேன். உரசியிருப்பேனா என்று இப்போது கேட்டால் தெரியாது என்றுதான் எழுதுவேன்.

கதவு திறந்தது. சகாயம். கையில் தூக்குவாளி. கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். தினமும் கொஞ்சம் பிந்தித்தான் சாப்பாடு வரும். இன்றைக்கு அவளைச் சீக்கிரம் வரச்சொல்லியிருந்தேன். காசிமாயன் வந்தாலும் வரலாம் என்று நேற்றே பாய் சொல்லியிருந்தார்.

"கேட்டியா சகாயம்? அவன் சொன்னதக் கேட்டியா?" என்றேன்.

அவள் என் கையிலிருந்து தீப்பெட்டியை வாங்கினாள். பட்டறைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டாள். அதற்குப் பிறகுதான் பேசினாள்.

"தீப்பெட்டிய வச்சுக்கிட்டுக் கேட்டா யாரும் எதையும் சொல்லுவாங்க. இதப் போய் எனக்குக் கேக்கக் கூப்பிட்டீங்களா?"

"நீயும் நம்பலதான?"

"எத நம்பல? நீங்க பீடிய விட்டது எனக்குத் தெரியாதா? ஒங்க சட்டையத் தொவைக்கிறது யாரு? இவன் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

அப்படியானால் ஏன் ஒரு வருஷமாக என் பக்கத்தில் உட்காரவில்லை என்று கேட்டேன். காசிமாயன் அங்கே இருந்ததைக்கூட மறந்துவிட்டேன்.

"எந்தம்பி செத்து வருசம் தாண்டிருச்சு. ஒருநாள் அவன் பேரச் சொல்லியிருக்கீங்களா? காலையில எந்திரிச்சா தண்டபாணி, சாப்பிட உக்காந்தா தண்டபாணி. ஒங்க பக்கத்துல உக்காந்தா அந்த ஆளு பக்கத்துல உக்காந்த மாதிரி இருக்கு. அவன் கடைசியா என்ன பேசுனான், வலிக்குதுன்னானா, அக்கான்னு கூப்ட்டானா, ஒன்னும் எனக்குத் தெரியாது. ஒங்களுக்கு மட்டுந்தான தெரியும்."

அவள் காசிமாயன் பக்கம் திரும்பினாள். "நீ பயந்து சொன்னத நாளைக்கு மாத்திச் சொல்லுவ. ஏழாந்தேதி கோர்ட்டுல சொல்லு. வண்டியையும் இப்படியே அங்க கொண்டா. அதுவரைக்கும் இத நீ ஓட்டக் கூடாது. சாவு எந்தம்பியோட போகட்டும்."

தூக்குவாளியை ஸ்டூலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். சாயங்காலம் சிலுவைப்பாதை செபத்துக்கு நேராகக் கோவிலுக்குப் போனாள்.

மார்ச் 27, சனி

பாய் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன், தீப்பெட்டியையும் சேர்த்து. அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். "என் பட்டறையிலயா?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு ஒரு வேலை செய்தார். பச்சை வண்டியின் கியர்பாக்ஸை இறக்கித் தரையில் பரப்பிவிட்டார். கியர் விழவில்லை என்று காசிமாயன் மண்டியில் போய்ச் சொல்லிவிட்டான். டேங்கில் இருந்ததை வடித்து, அடியில் கொஞ்சம் மட்டும் விட்டுவைத்தோம்.

சகாயத்தின் தம்பி பெயரை எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். அந்தப் பெயர் வரவில்லை.

ஏப்ரல் 5, திங்கள்

தண்டபாணியே பட்டறைக்கு வந்தார். நான் லேத்துக்குப் பின்னால் நின்றேன். கியர்பாக்ஸைக் காலால் தள்ளிப் பார்த்தார்.

"டேங்க மாத்தச் சொன்னா கியர்பாக்ஸக் கழட்டி வச்சிருக்க."

"கியரு விழலன்னு ஒங்க டிரைவர்தான் சொன்னாரு. டேங்குக்கு மதுரையில சொல்லியிருக்கேன்," என்றார் பாய்.

"நாளைக்கு ஆள் விட்டு இழுத்துட்டுப் போறேன்."

"கூலியக் குடுத்துட்டு இழுத்துட்டுப் போங்க."

தண்டபாணி போய்விட்டார். கூலி என்றதும் அவர் நாளைக்கு ஆள் அனுப்பமாட்டார் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் அவரிடம் வேலை பார்த்ததில் கற்றது அது.

ஏப்ரல் 7, புதன்

காலையில் கியர்பாக்ஸை ஏற்றினோம். காசிமாயன் ஓட்டினான். அவன் வழியில் எங்காவது திரும்பிவிடக் கூடாது என்று நானும் ஏறினேன். இடது பக்கம் உட்கார்ந்தேன். வத்தலக்குண்டிலிருந்து நிலக்கோட்டை வரைக்கும் கண்ணாடி இரண்டும் இறங்கியே இருந்தன. ஒவ்வொரு தடவை அவன் பிரேக்கைத் தொடும்போதும் நாங்கள் இரண்டு பேருமே முன்னால் சாய்ந்தோம்.

கோர்ட்டு வளாகத்தில் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினோம். தண்டபாணி தன் வக்கீலோடு நின்றிருந்தார். வண்டியைப் பார்த்ததும் கையிலிருந்த இளநீரைக் கீழே வைத்தார்.

கூண்டில் ஏறிய காசிமாயனிடம், போலீஸில் சொன்னது உண்மையா என்று கேட்டார்கள். "இல்லைங்கய்யா. நான் பாக்கல. மொதலாளி சொல்லச் சொன்னாரு" என்றான். பொய்ச் சாட்சி சொன்னதற்கு உன் மேலேயே வழக்கு வரும், தெரியுமா என்றார்கள். தெரியும் என்றான்.

பிரேக் இன்ஸ்பெக்டர் கேபினுக்குள் ஏறி, சீட்டைத் தூக்கிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு இறங்கினார். டேங்கை ஒட்டிப் போகும் வயரைத் தொட்டுக் காட்டி எழுதிக்கொண்டார். டேங்கை வெளியே மாற்றும்வரை வண்டி ரோட்டில் ஓடக் கூடாது என்று அதன் தகுதிச் சான்றிதழை, எஃப்.சி.யை, ரத்து செய்தார்.

தண்டபாணியின் முகத்தை நான் விடாமல் பார்த்தேன். முதலில் வேர்த்தது, பிறகு கறுத்தது. அந்த முகத்தை நான் ருசித்துப் பார்த்தேன். இதில் வெட்கப்பட எனக்கு ஒன்றும் இல்லை.

என் மேல் இருக்கும் வழக்கு நிற்காது என்று வக்கீல் சொன்னார். தண்டபாணி மேல் வழக்குப் பதிய உத்தரவு.

சகாயம் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும், "பஸ்ஸு வந்துரும், வாங்க" என்றாள். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஏப்ரல் 9, பெரிய வெள்ளி

கோவிலுக்குப் போனேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை. மன்னித்தேன் என்று வாயால் சொல்ல வேண்டியிருக்கும்.

ஏப்ரல் 11, ஞாயிறு

ஈஸ்டர், எங்களுக்குப் பாஸ்கு. சகாயம் கறி எடுத்துக் குழம்பு வைத்தாள். அடுப்புப் பற்றவைக்கும்போது நான் வாசல் வரைக்கும்தான் போனேன்.

தண்டபாணி முன்ஜாமீன் வாங்கிவிட்டார், மண்டியில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அவர் வண்டியை எடுக்க ஸ்டாண்டில் ஒரு டிரைவரும் தயாராக இல்லை. மலைப் பழம் வேறு மண்டிக்குப் போகிறது. காசிமாயனுக்கு வேலை போய்விட்டது.

ஏப்ரல் 20, செவ்வாய்

தண்டபாணி பட்டறைக்கு வந்தார். கூட யாரும் இல்லை. கோர்ட்டு திருப்பிக் கொடுத்த பச்சை வண்டியை டிராக்டரில் கட்டி இழுத்து வந்திருந்தார். அதை ஒரு எஸ்டேட்காரருக்கு விற்கப் போகிறாராம். எஃப்.சி. இல்லாமல் விற்க முடியாது. டேங்கை மாற்றாமல் எஃப்.சி. கிடைக்காது. வேறு எந்தப் பட்டறையும் ஒத்துக்கொள்ளவில்லை.

பாய் என்னைக் கைகாட்டினார். "அந்த வேல தெரிஞ்சவரு அவருதான். அவருட்டக் கேளுங்க."

ஸ்டூலை விட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"ஏப்பா மதலை, டேங்க அடியில மாட்டணும்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? பிரேக் இன்ஸ்பெக்டர் சொல்லிட்டாரு."

"அவரு சொன்னது இருக்கட்டும். நீங்க சொல்லுங்க, எதுக்கு மாத்தணும்?"

டிராக்டர்க்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். டீக்கடையில் இரண்டு மூன்று பேர் திரும்பினார்கள். தண்டபாணி துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"அங்கன இருந்தா ஆபத்து. அதான்."

"சத்தமாச் சொல்லுங்க. காது அன்னிக்கிருந்து சரியாக் கேக்கல."

"ஆபத்துய்யா. உள்ள இருந்தா ஆபத்து."

வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். அவர் ரோட்டைத் தாண்டும்வரைக்கும் பார்த்தேன். அந்த வார்த்தையைப் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் சொல்லியிருந்தால் போதும். இரண்டு இரும்புப் பட்டையும் ஒரு டேங்கும்தான் செலவு.

ஏப்ரல் 22, வியாழன்

பாய் மதுரையிலிருந்து ஒரு பழைய வேன் டேங்க் கொண்டுவந்தார். உள்ளே துரு. சோடாக்காரம் போட்டுக் கழுவி, தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறோம்.

ஸ்டெப்னி தொங்கும் இடம்தான் டேங்குக்குச் சரி, பின் அச்சுக்குப் பின்னால், இரண்டு சேஸ் சட்டத்துக்கும் நடுவில். கிளாம்பு பிடிக்க என் கைக்குப் பலம் பற்றவில்லை. காலையிலிருந்து வாசலில் நின்றிருந்த காசிமாயன் சட்டையைக் கழற்றிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்தான். நான் கூப்பிடவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

ஏப்ரல் 24, சனி

இரும்புப் பட்டைக்கு உள்ளே லாரி டியூபை வெட்டி வைத்துக் கட்டினோம். மலைப்பாதையில் கல் அடிக்காமல் இருக்க டேங்குக்குக் கீழே கனமான தகடு ஒன்று. பெட்ரோல் ஊற்றும் வாய் இப்போது பாடிக்கு வெளியே, பக்கவாட்டில். வயரெல்லாம் புதிது, எதிர்ப்பக்கச் சேஸில் போகிறது.

காசிமாயன் தண்ணீர் மொண்டு நீட்டினான். வாங்கவில்லை. குடத்திலிருந்து நானே மொண்டு குடித்தேன்.

"அண்ணே, எனக்கு மன்னிப்பே இல்லையா?" என்றான்.

"பட்டைய இறுக்கு," என்றேன்.

இறுக்கினான்.

ஏப்ரல் 28, புதன்

பழைய இடத்தில் பெட்ரோல் தானாக இறங்கி வரும். இப்போது கீழிருந்து பம்பு இழுக்க வேண்டும். பழைய பம்புக்குச் சக்தி பற்றவில்லை, மேட்டில் இரண்டு தடவை நின்றது. உள்ளே இருக்கும் ரப்பரை மாற்றியதும் சரியானது. பெட்ரோல் முள் மட்டும் தலைகீழாகக் காட்டுகிறது, நிறைய இருந்தால் காலி என்கிறது. அதையும் சரி செய்துவிட்டுத்தான் கொடுப்பேன் என்று பாயிடம் சொன்னேன். அந்தச் சீட்டில் இனிமேல் எவன் உட்காருவான் என்று எனக்குத் தெரியாது. அவன்மீது எனக்கு ஒரு பகையும் இல்லை.

தண்டபாணிமீது இருக்கிறது. காசிமாயன்மீதும் இருக்கிறது. சாகும்வரை இருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

மே 2, ஞாயிறு

காலைப் பூசை முடிந்து சகாயம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து அவள் தம்பி சேசுராசைப் பற்றிச் சொன்னேன். அவள் கீரையை ஆய்வதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது. சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

அந்த வண்டியின் இடது கதவு உள்ளிருந்து திறக்காது. நான் இறங்கிச் சுற்றி ஓடி வெளியிலிருந்து திறந்தேன். கைப்பிடி பழுக்கக் காய்ந்திருந்தது. என் கை போனது அங்கேதான். இழுத்து ரோட்டோரப் புல்லில் போட்டேன். அவன் அக்கா என்று கூப்பிடவில்லை. "மச்சான், ஒங்க கை" என்றான். அதற்குப் பிறகு பேசவில்லை. வலிக்கிறது என்று சொல்லவில்லை. முகத்தில் ஒன்றும் ஆகவில்லை, தூங்குவதுபோல்தான் இருந்தான்.

அதற்கு முன்னால் மலை இறங்கும் வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தான். பாதி வரி தெரியாது, தெரியாத இடத்தில் ஊர்க்காரர்கள் பெயரைப் போட்டு நிரப்புவான். அக்காவுக்கு என்று பெரிய பழமாகப் பார்த்து ஏழெட்டு எடுத்து மடியில் கட்டி வைத்திருந்தான். அதில் ஒன்றை உரித்தான். தோலை வெளியே வீசாமல், காயவைத்தால் அக்கா குளிக்கத் தேய்ப்பாள் என்று சட்டைப்பைக்குள் போட்டான். எனக்கு ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க முடியாத பாதை. ஒவ்வொரு சுளையாக நார் எடுத்து, "வாயத் தொறங்க மச்சான்" என்று ஊட்டிக்கொண்டே வந்தான். கடைசிச் சுளையைக் கொடுப்பதுபோல் நீட்டி, நான் வாயைத் திறந்ததும் தன் வாயில் போட்டுக்கொண்டான். நான் திட்டினேன். அவன் சிரித்தான், பிறகு அடுத்த பழத்தை எடுத்து உரித்து முதல் சுளையை என் வாயில் வைத்தான். இனிப்பான பழம். அந்த வளைவுக்கு வரும்போது அதுதான் என் வாயில் இருந்தது.